மார்பகப் புற்றின் கடுமையான வகைகள்: சிகிச்சையில் எழும் இடர்களும் களப் பணியாளர் கடமையும்

புணேயிலிருந்து லோணாவளாவுக்குச் செல்லும் புறநகர் இரயில் தடத்தில், புணே நிலையத்திற்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது தேஹு ரோடு. துக்காராம் மகராஜ் பிறந்த தேஹு என்னும் திருத்தலத்திற்குச் செல்லும் வழி என்பதால் இப்பெயர் பெற்ற இவ்வூர், இராணுவத் தளவாடக் கிடங்கும் பாசறைக் குடியிருப்பும் ஏற்பட்ட பின்னர் பல மாநிலத்தாரும் கூடி வாழும் ஊராக வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வேலையின் பொருட்டு வந்து தலைமுறைகளாக இங்கு நிலைத்துவிட்ட குடும்பங்களும் உண்டு. இவ்வூருக்கு மருத்துவ வசதி எட்டாததன்று. பிம்பிரியில் நகராட்சியின் யசுவந்தராவ் சவாண் நினைவு மருத்துவமனையும், புணேயில் சசூன் மருத்துவமனையும் உள்ளன. இரயிலேறினால் சில மணி நேரத்தில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையையும் அடையலாம். எனினும், இத்தகைய ஊர்களிலிருந்துகூட மார்பகப் புற்று முற்றிய நிலையில் மருத்துவமனையை அடையும் பெண்கள் பலர். தடையாக நிற்பது தொலைவு மட்டுமன்று. நோயின் இயல்பை அறியாமையும் காலத்தை வீணாக்குதலுமே பெருந்தடைகள் ஆகும்.

இந்தியாவில் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றே. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 98,000 பேர் இந்நோயால் இறந்தனர். இவ்விழப்பில் ஒரு பெரும் பங்கு, மருத்துவர்கள் கடுமையான வகைகள் எனக் குறிக்கும் சில பிரிவுகளால் விளைவது. அவை எவை, அவற்றிற்குச் சிகிச்சை செய்வதில் எழும் இடர்கள் யாவை, ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் இதில் ஆற்றக்கூடியது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பெயர், பல நோய்கள்

மார்பகப் புற்று என்பது ஒரே நோயன்று. ஒரே உறுப்பில் தோன்றினும், அணுக்களின் தன்மையால் வேறுபடும் பல நோய்களின் பொதுப்பெயர் அது. இவ்வுண்மையின் முதற்குறிப்பு 1896-ஆம் ஆண்டில் கிடைத்தது. கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுடைய பெண்ணொருவரின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கக் கண்டு, அச்செய்தியை வெளியிட்டார். பின்னர் வேறு பலருக்கு அம்முறையைக் கையாண்டபோது சிலரிடம் பயன் கிட்டிற்று, சிலரிடம் கிட்டவில்லை. இவ்வேறுபாட்டின் காரணம் அரை நூற்றாண்டிற்கும் மேலாகப் புரியாதிருந்தது.

எல்வுட் ஜென்சன் என்னும் அமெரிக்க அறிவியலார் 1950-களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் செய்த ஆய்வுகள் அதனைத் தெளிவாக்கின. சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன், சில அணுக்களினுள் இருக்கும் ஒரு புரதத்துடன் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிறது. பொருந்தியதும், பெருகுக என்னும் கட்டளை அணுவிற்குக் கிடைக்கிறது. அப்புரதத்திற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பியுள்ள புற்றில் ஹார்மோனைத் தடுத்தால் வளர்ச்சி தளரும்; ஏற்பியற்ற புற்றில் அம்முறையால் பயனில்லை.

இன்று ஒவ்வொரு மார்பகப் புற்றிலும் மூன்று பொருள்கள் உளவா என்று சோதிக்கப்படுகின்றன. அவை ஈஸ்ட்ரோஜென் ஏற்பி, புரொஜெஸ்டெரோன் ஏற்பி, ஹெர்-2 எனப்படும் வளர்ச்சிப் புரதம் ஆகியன. ஹார்மோன் ஏற்பிகள் உடையனவற்றிற்குத் தமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் பல ஆண்டுகள் காப்பளிக்கின்றன. ஹெர்-2 மிகுந்தவையும், மூன்றுமே அற்றவையும் விரைந்து வளரும் இயல்பின. மார்பகம் முழுவதும் வீங்கிச் சிவக்கும் அழற்சி வகை என்பது, மேற்கண்ட எப்பிரிவைச் சேர்ந்ததாயினும், தன் போக்கினாலேயே கடுமையானது.

மூன்றும் அற்ற வகை

மூன்று ஏற்பிகளும் அற்ற வகையை மருத்துவர்கள் டிரிப்பிள் நெகட்டிவ் என்பர். மேலை நாடுகளில் மார்பகப் புற்றுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இவ்வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டில் விகிதம் இதனினும் கூடுதல். புணேயின் பிரசாந்தி புற்றுநோய்ப் பராமரிப்பு மிஷனையும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்தியாவில் அதுவரை வெளியான பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டு மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ 27 சதவீதம் இவ்வகை. நான்கில் ஒன்று எனக் கொண்டால் பெரும்பிழை இராது. இது இளவயதுப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. குழந்தைகளை வளர்த்து, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பருவத்தில் தாக்குவதால், இதனால் நேரும் இழப்பு ஒரு பெண்ணின் உயிரோடு முடிவதன்று.

இவ்வகைக்குச் சிகிச்சை கடினமாவதற்குக் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. குறிவைத்துத் தாக்கும் மருந்திற்குக் குறி ஒன்று வேண்டும். இங்கு ஹார்மோன் ஏற்பியும் இல்லை. ஹெர்-2 மிகுதியும் இல்லை. ஆகவே, விரைந்து பிரியும் அணுக்கள் அனைத்தையும் தாக்கும் பொதுவான புற்று மருந்துகளையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. விந்தை யாதெனில், இவ்வகைப் புற்று அம்மருந்துகளுக்கு நன்கு கட்டுப்படுவது. விரைந்து பிரிவதே அதன் வலிமை. விரைந்து பிரிவதே அதன் பலவீனமும் ஆகும். ஆயினும், மருந்திற்குத் தப்பி எஞ்சும் அணுக்கள் நுரையீரல், மூளை போன்ற உறுப்புகளில் மீண்டும் தலைதூக்கக்கூடும். இவ்வாறு மீள்வது பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் நிகழும். ஐந்தாண்டுகளைக் கடந்தவர்க்கு அபாயம் வெகுவாகக் குறைகிறது.

இக்காரணத்தால் சிகிச்சையின் வரிசை முறையே மாறிவிட்டது. முன்பு அறுவை முதலிலும் மருந்து பின்னரும் அளிக்கப்பட்டன. இப்பொழுது, மிகச் சிறிய கட்டிகள் நீங்கலாக, மருந்தே முதலில் அளிக்கப்பெறுகிறது. சில திங்கள் கழித்தே அறுவை நடைபெறும். கட்டி சுருங்குவதால் அறுவை எளிதாகிறது. மேலும் மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கண்ணெதிரே காண இயல்கிறது. அறுவையில் எடுத்த திசுவில் புற்றணு ஒன்றேனும் காணப்படாவிடில், அந்நோயாளியின் எதிர்காலம் மிகவும் நம்பிக்கைக்குரியது. புற்று எஞ்சியிருப்பின் கூடுதல் மருந்து தேவை. ஜப்பானிலும் கொரியாவிலும் நடைபெற்று 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், அவ்வாறு எஞ்சிய மூன்றும் அற்ற வகை நோயாளிகளுக்குக் கேபசிடபின் என்னும் மாத்திரை அளிக்கப்பட்டபோது, ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் 70.3 சதவீதத்திலிருந்து 78.8 சதவீதமாக உயர்ந்தனர்.

அறுவைக்கு முன்னரே மருந்தளிக்கும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், முற்றிய மார்பகப் புற்றுக்கு அறுவைக்கு முன் மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் இணைத்தளிக்கும் முறையை நெடுங்காலம் கையாண்டு அதன் பயனைப் பதிவு செய்தனர். முற்றிய நிலையில் வருவோரே மிகுதி என்னும் நாட்டின் நிலைமையே அம்முறையைத் தேட வைத்தது.

மும்பையில் நடந்த ஒரு சோதனை

மூன்றும் அற்ற வகையைக் குறித்து நம் நாட்டில் நிகழ்ந்த முக்கியமான ஆய்வொன்று மும்பை டாடா நினைவு நிலையத்தினது. டாக்டர் சுதீப் குப்தாவும் அவர்தம் குழுவினரும் 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வாய்வில் ஏறத்தாழ 720 பெண்கள் பங்கு பெற்றனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான மருந்துகளும், மறு பாதியினருக்கு அவற்றுடன் கார்போபிளாட்டின் என்னும் பிளாட்டினச் சேர்மமும் அளிக்கப்பட்டன. இம்மருந்து அணுவின் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துப் பிரிய ஒட்டாமல் செய்வது, பல ஆண்டுகளாக வழக்கிலுள்ளது, விலை குறைந்தது.

முடிவுகள் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. அறுவையின்போது புற்று அறவே மறைந்திருந்தோர் வழக்கமான சிகிச்சையில் 40.3 சதவீதம், கார்போபிளாட்டின் சேர்த்த பிரிவில் 54.5 சதவீதம். ஐம்பது வயதும் அதற்குட்பட்டவருமான பெண்களில், ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் 65.7 சதவீதத்திலிருந்து 77.1 சதவீதமாக உயர்ந்தனர். ஐம்பதைக் கடந்தோரிடம் இப்பயன் காணப்படவில்லை. நூறு இளம் பெண்களில் பதினொருவர் கூடுதலாகப் பிழைத்தனர் என்பது, மலிவான ஒரு பழைய மருந்தைச் சரியான இடத்தில் பயன்படுத்தியதால் கிடைத்த பேறு ஆகும்.

உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகளும் வந்துள்ளன. பெம்பிரோலிசுமாப் என்னும் மருந்தை மேற்கூறியவற்றுடன் சேர்த்தளித்த பன்னாட்டு ஆய்வில், ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் 81.7 சதவீதத்திலிருந்து 86.6 சதவீதமாக உயர்ந்தனர். பயன் ஐயத்திற்கிடமற்றது, ஆனால் அதன் விலையோ நம் நாட்டின் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. ஆகவே, சிகிச்சை உண்டா என்னும் வினாவோடு, உள்ள சிகிச்சை யாருக்குக் கிட்டும் என்னும் வினாவும் நம் முன் நிற்கிறது.

ஹெர்-2 மிகுந்த வகை

மார்பகப் புற்றுகளில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை ஹெர்-2 புரதம் மிகுந்தவை. ஒரு காலத்தில் இவ்வகை மிகவும் அஞ்சத்தக்கதாக இருந்தது. அப்புரதத்தையே குறிவைத்துப் பிணைக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் நிலைமை மாறிற்று. நோயின் கொடுமைக்குக் காரணமான பொருளே அதனை வீழ்த்தும் குறியாக அமைந்தது.

இங்கும் இடர்கள் இல்லாமலில்லை. முதலாவது, செலவு. ஓராண்டுக் காலம் மூன்று வாரத்திற்கொருமுறை செலுத்த வேண்டிய இம்மருந்து, தொடக்கத்தில் செல்வர்க்கே உரியதாயிருந்தது. இதற்கு ஒப்பான மருந்து நம் நாட்டிலேயே தயாரிக்கப்பட்டு 2013-ஆம் ஆண்டின் இறுதியில் அனுமதி பெற்ற பின்னர் விலை இறங்கத் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடைபெற்று 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஆய்வு, ஆரம்ப நிலையில் ஆறு திங்கள் அளிப்பதும் ஓராண்டு அளிப்பதற்குப் பெரிதும் குறைந்ததன்று எனக் காட்டியது; ஓராண்டுச் செலவைத் தாங்க இயலாத இடங்களில் இது கருதத்தக்கது. இரண்டாவது, சிலருக்கு இம்மருந்து இருதயத்தின் வலிமையைத் தளர்த்தும். எனவே குறித்த இடைவெளியில் எக்கோ பரிசோதனை செய்து வருதல் வேண்டும். மூன்றாவது, மூளைக்குள் இம்மருந்து எளிதில் புகுவதில்லை. ஆதலின் உடலின் பிற பாகங்களில் அடங்கிய நோய் மூளையில் தலைகாட்டக்கூடும். நீங்காத தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு ஆகியவற்றைச் சிகிச்சை பெற்ற பெண் கூறினால், அவற்றைச் சாதாரணமாகக் கொள்ளலாகாது.

சீழ்க்கட்டி போல் ஏமாற்றும் அழற்சி வகை

எண்ணிக்கையில் மிகக் குறைவாயினும், களப் பணியாளர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது அழற்சி வகையே. இதில் தனிக் கட்டி ஏதும் கைக்குத் தட்டுப்படாமலே இருக்கலாம். சில வாரங்களுக்குள் மார்பகம் வீங்கிச் சிவந்து, வெம்மையுற்று, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாகத் தோன்றும். தோலின் நிணநீர் நாளங்களில் புற்றணுக்கள் அடைத்துக் கொள்வதே இதற்குக் காரணம். பால் கொடுக்கும் தாய்க்கு இவ்வாறு நேரின், பால் கட்டிக்கொண்டது என்றோ சீழ்க்கட்டி என்றோ கருதி, பற்றுப் போடுவதும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளை மாற்றி மாற்றி அளிப்பதும் இயல்பாக நிகழக்கூடியவை. பெரும்பாலும் அது உண்மையிலேயே பால்கட்டாகத்தான் இருக்கும். ஆகவே அச்சமூட்ட வேண்டுவதில்லை. ஆனால், மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரங்களில் வீக்கம் முற்றும் தணியாவிடில், மேலும் காத்திராமல் திசுப் பரிசோதனை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் கடமையாகும்.

திசுவைப் பேணுவதிலேயே சிகிச்சை தொடங்குகிறது

சிகிச்சையின் வெற்றி தோல்வி, பலர் கவனியாத ஓரிடத்தில் முன்கூட்டியே முடிவாகிவிடுவதுண்டு. அது கட்டியிலிருந்து எடுத்த திசுவை வைக்கும் புட்டி. எடுத்த திசு ஒரு மணி நேரத்திற்குள் தகுந்த ஃபார்மலின் கரைசலில் இடப்பட வேண்டும். குறைந்தது 6 மணி நேரமும் கூடியது 72 மணி நேரமும் அதில் ஊற வேண்டும். தவறின் ஏற்பிப் புரதங்கள் சிதைந்து, உள்ள ஏற்பியையும் இல்லையெனச் சோதனை கூறிவிடும். அவ்வாறு கூறப்பட்ட பெண், ஹார்மோன் மாத்திரையால் பெறக்கூடிய பல்லாண்டுக் காப்பை இழக்கிறாள். ஆகையால், சிறு மருத்துவமனையில் திசு எடுக்கப்பட்டு ஆய்வகத்திற்கு எடுத்துச் செல்லப்படும்போது, எடுத்த நேரமும் கரைசலில் இட்ட நேரமும் புட்டியின்மேல் எழுதப்படுதல் நன்று.

மொழி வழியாக நேரக்கூடிய இடரொன்றும் இவ்விடத்தே குறிக்கத்தக்கது. அறிக்கையில் மூன்று வரிகளிலும் நெகட்டிவ் என அச்சிட்டிருப்பதைக் கண்டு, நோயே இல்லை என வீட்டார் மகிழ்வதற்கு இடமுண்டு. இரத்தப் பரிசோதனையிலும் கிருமிப் பரிசோதனையிலும் அச்சொல் நற்செய்தியாகவே பழக்கப்பட்டிருக்கிறது. இங்கோ அதன் பொருள் வேறு: நோய் உண்டு, மூன்று குறிகளும் அதில் இல்லை. அறிக்கையைப் படித்துச் சொல்லும்படி ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு வரும் குடும்பங்களுக்கு, ‘மூன்று ஏற்பிகளும் அற்ற புற்று’ என்று முழுமையாகக் கூறி, உடனே மருத்துவரைக் காணச் செய்தல் வேண்டும்.

களப் பணியாளரால் ஆவது என்ன?

பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளரின் கைகள் உயிர் காக்க வல்லவை என்பதற்கு மும்பையிலேயே சான்று உள்ளது. 1998-ஆம் ஆண்டில் டாக்டர் இந்திரநீல் மித்ரா முதலியோர் தொடங்கிய ஆய்வில், குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கொருமுறை மார்பகத்தைக் கையால் பரிசோதித்தனர். இருபதாண்டுக் கண்காணிப்பிற்குப் பின் 2021-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, முற்றிய நிலையில் நோய் கண்டறியப்படுவது அப்பிரிவில் குறைந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய பெண்களிடையே மார்பகப் புற்றால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதிற்குட்பட்டோரிடம் மரணம் குறைந்ததாகத் தெளிவாகவில்லை. விரைந்து வளரும் வகைகள் இளவயதினரிடம் மிகுதி. அவை இரு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்திலேயே தோன்றி வளர்ந்துவிடக்கூடும். எனவே, முப்பது வயதைக் கடந்தோர்க்கு அரசு வகுத்துள்ள பரிசோதனைத் திட்டத்தை நிறைவேற்றுவதோடு, இடையில் தோன்றும் மாற்றத்தை உடனே வந்து கூறும் பழக்கத்தையும் பெண்களிடம் உண்டாக்க வேண்டும்.

நடைமுறையில் கீழ்க்கண்டவை நினைவிலிருத்தற்பாலன.

1. வலியில்லாத கட்டியே கூடுதலாக ஐயுறத்தக்கது. வலிக்கவில்லையே எனக் காத்திருத்தல் தவறு. புதிய கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோல் மாற்றம், அக்குளில் முடிச்சு ஆகிய எதையும் வயது குறைவு என்னும் காரணத்தால் ஒதுக்கலாகாது.

2. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் கட்டி கரைந்து கைக்குத் தட்டுப்படாமற் போகலாம். நோய் நீங்கிற்று என எண்ணி, ஊருக்குத் திரும்பி, அறுவையைக் கைவிடும் நேரம் இதுவே. கட்டி மறைவது சிகிச்சையின் பாதி வழி. அறுவையும், தேவைப்படின் கதிர்ச் சிகிச்சையும் முடிந்தாலன்றி அது நிறைவுறாது. தவணைக்கு வாராத நோயாளியை வீடு தேடிச் சென்று காண்பது, மருந்தளிப்பதற்கு நிகரான உதவி.

3. புற்று மருந்து பெறுவோர்க்கு வெள்ளணுக்கள் குறையும். அந்நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், நள்ளிரவாயினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் மாத்திரை கொடுத்து விடியட்டும் எனக் காத்திருத்தல் உயிருக்கே ஆபத்து.

4. மராட்டிய மாநிலத்தில் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனையும், 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் ஜன ஆரோக்கிய யோஜனையும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவுகின்றன. வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்க்குக் குடும்ப அட்டை முதலிய ஆவணங்களே பெருந்தடை ஆகலாம். நோய் வந்த பின் அவற்றைத் தேடியலையாதபடி, முன்கூட்டியே சரிபார்த்து வைக்கச் சொல்லுதல் ஆசிரியரால் எளிதில் ஆகக்கூடிய பணி.

5. தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் மார்பகப் புற்றோ சூலகப் புற்றோ வந்த குடும்பங்களில், பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணுக் குறை இருக்கக்கூடும். மூன்றும் அற்ற வகையினரில் ஒரு பகுதியினரிடம் இது காணப்படுகிறது. இதனை மருத்துவரிடம் தாமே முன்வந்து கூறுமாறு குடும்பத்தாரை ஊக்குவிக்க வேண்டும். பரிசோதனை, நோயாளியின் மருந்தைத் தீர்மானிப்பதோடு அவர்தம் உடன்பிறந்தாரையும் காக்கும்.

முடிவுரை

கடுமையான வகை என்னும் சொல், சிகிச்சையற்ற வகை எனப் பொருள்படாது. மூன்றும் அற்ற வகையைப் பெற்ற இளம் பெண்களில் நான்கில் மூவருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ இயலும் என்பதை, நம் நாட்டு மருத்துவமனையில், நம் நாட்டுப் பெண்களிடம், விலை குறைந்த மருந்துகளைக் கொண்டே மும்பை ஆய்வு நிலைநாட்டியுள்ளது. டாடா நினைவு நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் இராஜேந்திர பட்வேயின் தலைமையில் 1,600 பெண்களிடம் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான மற்றோராய்வு, அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்னர்க் கட்டியைச் சுற்றி லிடோகெயின் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்துவதால் மட்டுமே, ஐந்தாண்டு உயிர் வாழ்வோர் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்வதைக் காட்டியது. பல் பிடுங்குவதற்குப் பயன்படும் அதே மருந்துதான் அது.

அறிவியல் இவ்வாறு படிப்படியாக வழி திறந்து வருகிறது. ஆனால் இவற்றுள் எதுவும், கட்டி தோன்றிய பெண் மருத்துவமனை வாயிலை அடைந்த பின்னரே பயன்படும். விரைந்து வளரும் வகையில் சில வாரத் தாமதமும் நோயின் நிலையை ஒருபடி உயர்த்திவிடக்கூடும். தேஹு ரோடு போன்ற ஊர்களில் வீட்டிற்கும் மருத்துவமனைக்கும் இடைப்பட்ட அந்நாட்களைக் குறைக்க வல்லவர்கள், வீடுதோறும் சென்று வரும் பணியாளரும், ஊரார் நம்பிக் கலந்து பேசும் ஆசிரியருமே ஆவர்.